தமிழில் நிறச்சொற்களும் இனச்சொற்களும்: காவிரிப் படுகையை முன்வைத்து ஓர் ஆய்வு

மனிதரின் தோல் நிறத்தையும் பிறப்பினத்தையும் சுட்டும் சொற்களில் எவை ஏற்கத்தக்கவை, எவை இழிவானவை என்னும் வினாவுக்கு ஆங்கில நாளேடுகள் தம் நடைக் கையேடுகளின் வழியே விடை தருகின்றன. விலக்க வேண்டிய சொல் ஒருபுறமும் அதற்கு மாற்றாக ஆள வேண்டிய சொல் மறுபுறமுமாக அமைந்த அத்தகைய பட்டியல் ஒன்றைத் தமிழுக்கும் ஆக்கிவிட்டால் சிக்கல் தீரும் என்று கருதுவோர் உண்டு. தமிழின் நிலை அவ்வளவு எளிதாகப் பட்டியலுக்குள் அடங்குவதில்லை. 'கறுப்பு' என்ற சொல் இங்கே தெய்வத்தின் பெயராகவும், பிள்ளைக்கு இடும் பெயராகவும், கட்சிக் கொடியின் வண்ணமாகவும், சாதாரண அரிசியைவிடக் கூடுதல் விலைக்குப் போகும் கவுனி அரிசியின் அடைமொழியாகவும் மதிப்போடு வழங்குகிறது. அதே சொல் விகுதி ஒன்று மாறியதும், உவமை ஒன்று சேர்ந்ததும், சொல்பவர் நிற்கும் படி சற்று உயர்ந்ததும் கேட்பவரைக் குத்துகிறது. ஆகவே தமிழில் இழிவு என்பது தனிச்சொல்லின் பொருளில் தங்கியிருப்பதைவிட, அச்சொல்லைத் தாங்கும் இலக்கணத்திலும் அதை ஆளும் சமூகப் படிநிலையிலும் மிகுதியாகத் தங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

இதற்குக் களமாக ஒரத்தநாட்டை உள்ளிட்ட தஞ்சை வட்டாரம் கொள்ளப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி என்று குடியிருப்பு பிரிந்து, நிழலில் செய்யும் வேலை ஒரு சாராருக்கும் வெயிலில் செய்யும் வேலை மற்றொரு சாராருக்கும் என்று உழைப்பும் பிரிந்துகிடந்த நெல் நாடு இது. சாதிக்கும் தோல் நிறத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய சமூகவியல் ஆய்வு இந்த மண்ணிலேயே நடந்திருக்கிறது. நாகப்பட்டினம் துறைமுகத்தின் வழியே கடல் கடந்து போன தமிழர்கள், பிறர் வாயில் தாம் பெற்ற பெயர்களின் சுமையையும் அறிந்தவர்கள்.

ஆய்வுக்குள் புகுமுன் கலைச்சொற்கள் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'இனம்' என்ற சொல் பழந்தமிழில் வகை, கூட்டம், சேர்க்கை என்ற பொருள்களில் வழங்கியது. திருக்குறளில் 'சிற்றினம்' என வருவது தீயோர் கூட்டத்தைக் குறிக்கிறதேயன்றிப் பிறப்பால் அமைந்த மக்கட்பிரிவைக் குறிக்கவில்லை. உடற்கூற்றின் அடிப்படையில் மக்களைப் பிரிக்கும் கருத்து இச்சொல்லின்மேல் ஏறியது காலனிய காலத்தில்தான். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் தலையையும் அளந்து சாதிகளை வகைப்படுத்த முயன்று, 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை வெளியிட்ட காலம் அது. 'நிறவெறி' என்ற கூட்டுச்சொல்லோ இன்னும் பிந்தியது. தென்னாப்பிரிக்காவின் இன ஒதுக்கல் ஆட்சியைக் குறிக்கத் தமிழ் நாளேடுகள் அதைப் பெருவழக்காக்கின. இதில் ஒரு விந்தை உண்டு. பிற நாட்டில் நிறத்தை வைத்து மனிதரை ஒடுக்குவதற்குக் கூர்மையான சொல்லைப் படைத்துக்கொண்ட மொழி, தன் வீட்டுக்குள் பெண்ணின் நிறத்தை வைத்துப் பேசப்படும் பேச்சுக்கு நெடுங்காலம் பெயரே வைக்கவில்லை. 'நிறப்பாகுபாடு' என்ற சொல் அந்தப் பொருளில் புழங்கத் தொடங்கியது அண்மையில்தான்.

பழைய அடுக்கு

சங்க அகப்பாடல்களில் தலைவியின் மேனி நிறத்தைக் குறிக்கும் சொல் 'மாமை' என்பதாகும். மாந்தளிரின் நிறம் என்றும் கருமை சார்ந்த அழகு என்றும் உரையாசிரியர்கள் இதற்குப் பொருள் கொள்வர். தலைவன் பிரிந்தபோது அந்த மாமை கெட்டு, அதன் இடத்தில் 'பசலை' எனப்படும் வெளிறிய மஞ்சள் நிறம் படர்கிறது. நிறம் வெளுப்பது நோயின் அடையாளமாகவும் கரிய மென்மை நலத்தின் அடையாளமாகவும் கொள்ளப்பட்ட உலகம் அது. தலைவியைக் கரியவள் என்ற பொருள்பட 'மாயோள்' என அழைப்பது அங்கே புகழ்ச்சி. முல்லை நிலத் தெய்வமும் கரியவனாகிய 'மாயோன்'தான். இதைக்கொண்டு பண்டைத் தமிழகத்தில் நிறவேற்றுமையே இல்லை என்று முழங்குவது மேடைப் பேச்சுக்கு உதவலாம், ஆய்வுக்கு உதவாது; கவிதை மரபு ஒன்று எதை அழகெனக் கொண்டது என்பதற்கு மட்டுமே அப்பாடல்கள் சான்றாகின்றன.

'கறுப்பு', 'சிவப்பு' என்னும் சொற்கள் சினத்தைக் குறிக்கும் என்று முதலில் கூறி, அவை நிறத்தைக் குறிக்கவும் உரியவை என்று அதன்பின் கூறுகிறது தொல்காப்பியத்தின் உரியியல். இன்று நிறத்துக்குக் 'கறுப்பு' என்று வல்லின றகரம் இட்டு எழுதுவதா, 'கருப்பு' என்று இடையின ரகரம் இட்டு எழுதுவதா என்ற பூசல் புலவர்களிடையே நடந்துவருகிறது. இரண்டும் வழக்கில் நிலைத்துவிட்டதால் பொருளில் அது எந்த வேறுபாட்டையும் உண்டாக்குவதில்லை.

பக்தி மரபில் கருமைக்குக் கிடைத்த உவமைகள் கவனத்துக்குரியவை. தஞ்சை மாமணிக் கோயிலிலும் திருக்கண்ணபுரத்திலும் உறையும் திருமாலுக்கு நீலமேகப் பெருமாள் என்று பெயர். கார் மேகமும் கடலும் காயாம்பூவும் அந்தக் கருமைக்கு ஒப்பாகின்றன. மழையை நோக்கி வாழும் ஆற்றுப்பாசன நாட்டில் கரிய மேகத்தைவிட உயர்ந்த உவமை கிடைப்பதரிது. அதே நாட்டில், அதே கருமை நாற்றுப் பறிக்கும் ஒருவரின் உடம்பில் இருக்கும்போது உவமை கரிக்கட்டைக்கும் அண்டங்காக்கைக்கும் சட்டியின் அடிக்கும் இறங்கிவிடுகிறது. நிறம் ஒன்றே, ஒப்பிடப்படும் பொருள்தான் உயர்வையும் தாழ்வையும் வகுக்கிறது. தமிழில் நிறம் பற்றிய வசைகளில் பெரும்பாலானவை நிறப்பெயர்களாக இல்லாமல் உவமைகளாகவே இருப்பதை இது விளக்கும்.

ஊர்த் தெய்வ வழிபாட்டில் கருப்பர் காவல் தெய்வம். பதினெட்டாம்படிக் கருப்பு, சங்கிலிக் கருப்பு, முன்னோடிக் கருப்பு எனப் பல பெயர்களில் வழிபடப்படும் அத்தெய்வத்தை முன்னிட்டே கருப்பையா, கருப்பண்ணன், கருப்பாயி என்று பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கம் வேரூன்றியது. இப்பெயர்களைத் தாங்கியவர் சிவந்த மேனியராகவும் இருக்கலாம். பெயருக்கும் தோலுக்கும் தொடர்பில்லை. ஆயினும் 'கருப்பையா' என்று பெயர் சொல்லி அழைப்பதும், பெயர் தெரிந்த ஒருவரை அந்தப் பெயரை விட்டுவிட்டு 'ஏ கருப்பா' என்று அழைப்பதும் ஒன்றாகா என்பது இவ்வட்டாரத்துச் சிறுவர்களுக்கும் தெரியும். முன்னது பெயர், பின்னது பெயரைப் பறிப்பது.

படுகையில் நிறமும் சாதியும்

சமூகவியல் அறிஞர் ஆந்திரே பெத்தேய் 1961–62 ஆண்டுகளில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் களஆய்வு செய்து, அவ்வூருக்கு ஸ்ரீபுரம் என்று மறைபெயர் இட்டு, சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்த்த நூலை 1965இல் வெளியிட்டார். பிராமணர் சிவந்தவர், கூர்மூக்கினர் என்றும் ஒடுக்கப்பட்டோர் கரியவர் என்றும் ஊரார் மனத்தில் ஒரு படிமம் ஊன்றியிருந்ததை அவர் பதிவு செய்கிறார். உண்மையில் ஒவ்வொரு சாதியிலும் எல்லா நிறத்தவரும் இருந்தனர். ஆனால் படிமத்துக்கு முரணானவர்களைக் கண்டு ஊர் ஐயுற்றது. கறுத்த பிராமணரையும் சிவந்த ஒடுக்கப்பட்டவரையும் நம்பலாகாது என்ற பொருளில் வழங்கிய பழமொழி இந்த ஐயத்தின் விளைவே. சாதிக்கு ஒரு நிறம் உண்டு என்ற நம்பிக்கை எவ்வளவு இறுகியிருந்தது என்பதற்கு, அதை மீறியவர்களின் நேர்மையையே ஐயுறும் இப்பழமொழியைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1967இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், இந்திய மொழிகள் பலவற்றில் சிவந்த நிறத்துக்கும் அழகுக்கும் ஒரே சொல்லை மாற்றி மாற்றி ஆளும் வழக்கத்தையும் பெத்தேய் சுட்டிக்காட்டினார்.

தமிழ்ப் பேச்சுவழக்கு அதற்கு அப்பாலும் சென்றிருக்கிறது. பெண் பார்க்கும் பேச்சில் 'நல்ல நிறம்' என்றால் சிவப்பு என்றே பொருள்; 'நல்ல' என்பதற்கு விளக்கம் கேட்பார் இல்லை. ஆங்கிலத்திலிருந்து வந்த 'கலர்' என்ற சொல் இன்னும் ஒரு படி முன்னேறி, தானே சிவப்பைக் குறிப்பதாகிவிட்டது: 'பெண் கலராக இருக்கிறாள்' என்றால் சிவந்தவள், 'கலர் கொஞ்சம் மட்டு' என்றால் கறுத்தவள். கறுப்பு இங்கே ஒரு நிறமாகவே எண்ணப்படாமல் நிறத்தின் குறைவாக எண்ணப்படுகிறது. வசைச்சொற்களின் பட்டியல் எதிலும் 'நல்ல நிறம்' இடம்பெறப்போவதில்லை. ஆனால் கரிக்கட்டை என்ற வசையைவிட இந்த மங்கலமான தொடரே மிகுதியான பெண்களைத் தரம்பிரித்திருக்கும் என்று கருத இடமுண்டு. வசையைக் கேட்டவர் எதிர்த்துச் சண்டையிடலாம். 'நல்ல நிறம்' என்று அடுத்த வீட்டுப் பெண்ணைப் புகழ்வதைக் கேட்டவர் என்ன சொல்லி எதிர்ப்பது?

இதற்கு இணையானது 'கறுப்பாக இருந்தாலும் களையான முகம்' என்னும் பாராட்டு. இத்தொடரின் கூர் 'இருந்தாலும்' என்னும் விட்டுக்கொடுப்பு எச்சத்தில் உள்ளது. ஒரு குறையை ஒப்புக்கொண்டு அதற்கு ஈடுசெய்யும் நிறைவைத் தேடும் அமைப்பு அது. சொல்பவர் மனமார அன்போடு சொல்லியிருப்பார் என்பதில் ஐயமில்லை. 'மாநிறம்', 'பொதுநிறம்' ஆகியவையும் இப்பேச்சில் இடக்கரடக்கலாகப் பயன்படுகின்றன, அதாவது வெளிப்படையாகச் சொல்லத் தயங்கும் ஒன்றைத் தகுதியான சொல்லால் மறைத்துச் சொல்லப் பயன்படுகின்றன. மாமையின் வழிவந்த மாநிறம் என்ற சொல், தான் பிறந்த மரபில் அழகின் உச்சியில் இருந்து, மணமகள் தேவை விளம்பரத்தில் கறுப்பு என்று எழுதத் தயங்கியவரின் மறைப்புச் சொல்லாக இறங்கியதும் இவ்வாறுதான். ஐரோப்பியரைக் குறிக்க 'வெள்ளை' என்று கூறும் தமிழர், தம்மவரின் வெளிர்ந்த மேனியைச் 'சிவப்பு' என்றே கூறுவதும் கருதத்தக்கது. தமிழில் 'வெளுத்துப்போதல்' இன்றும் சோகைக்கும் அச்சத்துக்கும் உரிய சொல்லாகவே இருக்கிறது.

தஞ்சைப் பகுதியில் நிறப்பேச்சு தனித்து நின்றதில்லை. விளிச்சொற்களோடு பிணைந்தே நின்றது. பண்ணையாள் முறை நிலவிய காலத்தில், வயதில் மூத்த உழைப்பாளியையும் மிராசுதார் வீட்டுச் சிறுவன் 'அடா' என்றும் 'ஏலே' என்றும் விளிக்க உரிமை பெற்றிருந்தான். 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் திரட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் உழைப்பாளிகளுக்குச் சாணிப்பால் புகட்டுவதையும் சவுக்கடி கொடுப்பதையும் எதிர்த்ததோடு, இந்த விளிப்பையும் எதிர்த்தது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் குத்தகையும் கூலியும் ஓரளவு முறைப்பட்டன என்றாலும், விளிப்புமுறையை மாற்றச் சட்டத்தில் பிரிவு ஏதும் இல்லை. நிறச்சொல்லின் இழிவு பெரும்பாலும் இந்த விளிப்பின் மேல் ஏறியே வருகிறது. 'கறுத்த பையன்' என்பது அடையாளம். அதையே ஒருமை விளியாக்கிப் பெயருக்கு மாற்றாகக் கூப்பிடும்போது அது இடத்தைக் காட்டுவதாகிறது.

சந்தையும் திரையும்

1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்டு லவ்லி' என்னும் களிம்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. மேனி சிவந்தால் வேலையும் மணமும் கைகூடும் என்று அதன் விளம்பரங்கள் பல்லாண்டுகள் உரைத்தன. 2009இல் சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' என்னும் அமைப்பு கறுப்பும் அழகே என்ற பரப்புரையைத் தொடங்கிற்று. விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2014இல், கறுத்தவர்களைத் தாழ்ந்தவர்களாகவோ மகிழ்ச்சியற்றவர்களாகவோ காட்டக் கூடாதென நெறிமுறை வகுத்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரால் கொல்லப்பட்டபின் எழுந்த உலகளாவிய கிளர்ச்சியின் அலையில், லீவர் நிறுவனம் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல்லை நீக்கி 'குளோ' என்பதை இட்டது. பெயரில் சிவப்பு போய்ப் பொலிவு வந்தது. களிம்பு தொடர்ந்து விற்கிறது.

திரைப்படத்தின் பங்கை விரித்துரைக்கத் தேவையில்லை. நகைச்சுவைக் காட்சிகளில் கரிய நடிகரை நோக்கி எறியப்பட்ட உவமைகள் பள்ளிக்கூடங்களில் பட்டப்பெயர்களாயின. 2007இல் வெளிவந்த 'சிவாஜி' படத்தில் இரு பெண்களுக்குக் கரிய சாயம் பூசி, பாரி மகளிரின் பெயர்களான அங்கவை, சங்கவை என்பவற்றைச் சூட்டி, நாயகன் அஞ்சி ஓடும் பொருளாக்கினர். நாயகனே தன் நிறத்தை மாற்ற முயலும் காட்சிகளும் அதே படத்தில் உண்டு. கரிய நாயகனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பார்வையாளர் கரிய பெண்ணைக் கண்டு சிரிக்கப் பழக்கப்பட்டிருந்தனர் என்பதே இதில் ஆய்வுக்குரிய செய்தி.

விளையாட்டுக் களமும் இதற்கு விலக்கன்று. மட்டைப்பந்து வீரர் அபினவ் முகுந்த், பதினைந்து வயது முதல் தம் நிறத்துக்காகத் தாம் கேட்டுவந்த பேச்சுகளை 2017 ஆகஸ்டில் வெளிப்படையாக எழுதினார். முன்னாள் சுழற்பந்து வீரர் இலட்சுமணன் சிவராமகிருஷ்ணன் 2021இல் தம் வாழ்நாள் முழுதும் அத்தகைய பாகுபாட்டைச் சந்தித்ததாகக் கூறினார். மேற்கிந்தியத் தீவுகளின் டேரன் சாமி, ஐதராபாத் அணியில் ஆடியபோது தம்மை அழைத்த 'காலூ' என்னும் இந்திச் சொல் கறுப்பனைக் குறிப்பது என்று 2020இல்தான் அறிந்து வருந்தினார். அன்பினாலேயே அப்படி அழைத்ததாகப் பின்னர் ஒரு வீரர் அவரிடம் விளக்கினார். அந்த விளக்கம் பொய்யாயிருக்க வேண்டியதில்லை. பொருள் தெரியாதவரை அன்போடு அழைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதுதான் எஞ்சி நிற்கும் கேள்வி.

அயலாரைக் குறித்த சொற்கள்

பிற இனத்தாரைச் சுட்டத் தமிழ் ஆண்ட சொற்களில் 'பறங்கி', 'துரை', 'வெள்ளைக்காரன்' ஆகியவை ஆள்வோரைக் குறித்தமையால் அவற்றின் இழிவு கூர்மழுங்கியது. ஆப்பிரிக்கரைக் குறித்த சொற்களின் வரலாறு வேறு. 'காப்பிரி' என்பது நம்பிக்கையற்றவர் என்று பொருள்படும் அரபுச் சொல் போர்த்துகீசியரின் வாய்வழியே தமிழுக்கு வந்த வடிவம்; மலேயா சென்ற தமிழரிடையே அது 'காப்பிலி' என வழங்கிற்று. தென்னாப்பிரிக்காவில் அதன் ஆங்கில வடிவம் இன்று மிகக் கொடிய வசை. அதைக் காவலர்மீது மீண்டும் மீண்டும் வீசிய பெண் ஒருவருக்கு 2018இல் நீதிமன்றம் சிறைத்தண்டனையே விதித்தது. ஆனால் இலங்கையின் புத்தளம் பகுதியில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சிறு சமூகத்தார் அதே பெயரைத் தம் சமூகப்பெயராகவே கொண்டிருக்கின்றனர். ஒரே சொல் இந்தியப் பெருங்கடலின் ஒரு கரையில் குற்றமாகவும் மறுகரையில் அடையாளமாகவும் நிற்பதால், உலகப் பொதுவான விலக்குப் பட்டியல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஊகிக்கலாம்.

'நீக்ரோ' என்னும் சொல் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி தமிழ்ப் பாடநூல்களிலும் இதழ்களிலும் தீங்கற்ற பொதுப்பெயராக வழங்கியது; அந்தக் காலத்தில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களே தம் மக்களுக்கு அச்சொல்லை ஆண்டனர். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்களில் எஞ்சியிருந்த அச்சொல் 2016இல் நீக்கப்பட்டது. தமிழில் அதற்கு மாற்றாக வந்த 'கறுப்பினத்தவர்', 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' ஆகியவை இன்று ஏற்கத்தக்கவை. 2020இல் அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் ஆங்கிலத்தில் கறுப்பரைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கின. தமிழில் பெரிய எழுத்து இல்லை. அந்த மதிப்பை இங்கே 'அர்' விகுதி தருகிறது. 'கறுப்பன்' என்றும் 'கறுப்பர்' என்றும் எழுதுவதற்கு இடையே உள்ள தொலைவு, ஆங்கிலத்தில் எழுத்தின் அளவு காட்டும் தொலைவைவிட அதிகம்.

தமிழரும் இவ்வாறே பெயரிடப்பட்டனர். சென்னைக் கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த பகுதி ஆங்கிலேயரின் ஏடுகளில் கறுப்பர் நகரம். 1906இல்தான் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலும் வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்ற பிரிவு இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற தஞ்சை வட்டாரத் தொழிலாளர்களுக்கு அங்கே காத்திருந்த பெயர் 'கெலிங்'. கலிங்கம் என்ற நாட்டுப்பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அச்சொல், பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் வெறும் வரலாற்றுச் சொல்லாக நிற்கிறது. இன்று மலேசியத் தமிழரை நோக்கித் தெருவில் சொல்லப்படும்போது வசை. 'கூலி' என்ற சொல்லோ, அதன் மூலம் தமிழா, குஜராத்தின் கோலி என்னும் குலப்பெயரா என்ற விவாதம் தீராமலே, தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞர் காந்தி உள்ளிட்ட எல்லா இந்தியருக்கும் உரிய இழிபெயராயிற்று.

இவை எல்லாவற்றினும் முறுக்கான வரலாறு, தமிழகத்துச் சாதிப்பெயர் ஒன்று ஐரோப்பிய மொழிகளில் ஒதுக்கப்பட்டவர் என்ற பொதுப்பொருள் பெற்று உலகைச் சுற்றியதுதான். அப்துல்லா ஹுசைன் எழுதி 1971இல் வெளிவந்த 'இந்தர்லோக்' என்னும் மலாய் நாவல் 2011இல் மலேசியப் பள்ளிகளில் பாடநூலாக்கப்பட்டபோது, தமிழகத்திலிருந்து குடியேறியவர்களைக் குறித்து அதில் அச்சொல் வந்ததை எதிர்த்து மலேசிய இந்தியர் கிளர்ந்தனர். ஆண்டின் இறுதியில் நாவல் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் எதிர்த்தவர்களில் ஒரு சாரார், ஒரு சமூகத்தின் பெயர் இழிவாக ஆளப்பட்டதைக் கண்டிக்காமல், தம்மை அச்சமூகத்தோடு சேர்த்துப் பேசியதையே இழிவாகக் கருதினர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இந்திய எல்லைக்குள்ளும் இதன் எதிரொலி உண்டு. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் தாக்கப்பட்டதை ஒட்டி நடந்த தொலைக்காட்சி உரையாடலில், முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் தருண் விஜய், இந்தியர் இனவெறியர்களாயின் தமிழகம், கேரளம் முதலிய தென்மாநிலத்தாரோடு எப்படிச் சேர்ந்து வாழ்வர் என்று கேட்டு, தம்மைச் சுற்றிக் கறுப்பர்கள் இருப்பதாகக் கூறினார். கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். தமிழகத்தின் சினம் இயல்பானது. அந்தச் சினத்தில் சிறு பகுதியேனும் நம்மைக் கறுப்பர் என்றதற்காக எழுந்ததா, நாம் வேறு அவர் வேறு என்று பிரித்ததற்காக எழுந்ததா என்று அக்காலக் கருத்துரைகளைப் படிப்பவர் பிரித்தறிவது எளிதன்று.

சட்டம் எட்டிய இடமும் எட்டாத இடமும்

சாதிப்பெயர்களைப் பொறுத்தவரை, பெயரை மாற்றுவதும் பெயரை மீட்பதும் ஆகிய இரு வழிகளையும் தமிழகம் நூறாண்டுகளுக்கும் மேலாக முயன்றிருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்று தம் இதழுக்கே பெயரிட்டு, இகழப்பட்ட பெயரை நிமிர்த்த முயன்றார், அயோத்திதாசர் பூர்வ பௌத்தர் என்ற வரலாற்றுப் பெயரைத் தேடினார், எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. காந்தி பரப்பிய 'அரிசன்' இரக்கத்தின் சொல்லாக வந்து, உரியவர்களாலேயே மறுக்கப்பட்டு, 1982இல் ஒன்றிய அரசால் சான்றிதழ்களில் தவிர்க்கப்பட்டது. 2021இல் நாடாளுமன்றம் பட்டியல் சாதிகளுள் ஏழு பிரிவுகளைத் 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்தது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். சாதிப் பட்டியலில் 'ன்' என முடியும் பெயர்களை 'ர்' என முடியுமாறு திருத்தவேண்டும் என்ற கோரிக்கையும் அதே ஆண்டில் ஒன்றிய அரசிடம் வைக்கப்பட்டது. இழிவு விகுதியில் குடியிருக்கிறது என்ற கருத்துக்கு ஓர் அரசே தந்த ஒப்புதலாக இக்கோரிக்கையைக் கொள்ளலாம்.

நீதிமன்றமும் இதே திசையில் சென்றது. ஆறுமுகம் சேர்வை எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில் 2011 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இரு பட்டியல் சாதிகளின் பெயர்களையும், அவற்றோடு 'பயல்' முதலியவை சேர்ந்த வடிவங்களையும் இழிவுபடுத்தும் நோக்கோடு சொல்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்றது. அச்சொற்கள் இன்று ஏற்க இயலாதவை என்பதற்கு, ஐம்பதாண்டுக்கு முன் ஏற்கப்பட்டிருப்பினும் இன்று ஏற்கப்படாத அமெரிக்காவின் 'நீக்ரோ' என்னும் சொல்லையே எடுத்துக்காட்டாகக் காட்டியது. சாதிச்சொல்லும் இனச்சொல்லும் ஒன்றாக வைத்துப் பார்க்கப்பட்ட அரிய இடம் இது. சாதியை இனப்பாகுபாடாகக் கருதலாமா என்று 2001இல் தர்பன் நகரில் ஐ.நா. மாநாட்டை ஒட்டி எழுந்த விவாதத்தில் இந்திய அரசு கூடாது என்றது. அறிவியலுக்குப் பொருந்தாதது என்று பெத்தேயும் மறுத்தார். ஒடுக்கப்பட்டோர் அமைப்புகள் அனுபவத்தின் ஒப்புமையைச் சுட்டி வாதிட்டன. உடற்கூற்றில் ஒப்புமை இல்லை என்ற பெத்தேயின் கருத்து சரியே. இழிசொல்லின் இலக்கணத்தில் ஒப்புமை உண்டு என்பதை மேற்கண்ட தீர்ப்பு காட்டுகிறது.

ஆனால் தோல் நிறத்துக்கு வரும்போது சட்டம் ஒதுங்கிக்கொள்கிறது. அரசமைப்பின் 15ஆம் உறுப்பு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாதென்கிறது. நிறம் அதில் இல்லை. இத்தனைக்கும் 1948இன் உலக மனித உரிமைப் பறைசாற்றமும், இந்தியா 1968இல் ஏற்புறுதி செய்த இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையும் நிறத்தைத் தனியே பெயரிட்டுக் கூறுகின்றன. இதனால் நிறப்பேச்சு பெரும்பாலும் மணவழக்குகளின் வழியே மட்டும் நீதிமன்றத்தை எட்டுகிறது. அங்கும் தீர்ப்புகள் ஒத்துப்போவதில்லை. 2023இல் கர்நாடக உயர் நீதிமன்றம், கணவனைக் கறுப்பன் என்று மனைவி இழித்துரைத்தது கொடுமையே எனக் கூறி மணவிலக்கு அளித்தது. 2025இல் மும்பை உயர் நீதிமன்றம், மனைவியின் கறுப்பு நிறத்தைக் கணவர் குத்திக்காட்டியது குற்றவியல் சட்டம் கூறும் அளவுக்குக் கொடுமையாகாது என்று கருதி அவரை விடுவித்தது. ஒன்று மணவிலக்கு வழக்கு, மற்றொன்று இறந்துபோன மனைவி தொடர்பான குற்றவழக்கு. சான்றின் அளவுகோல் வேறு. அந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது முறையாகாது என்றாலும், சாதிப்பெயருக்கு உள்ளதுபோல் நிறச்சொல்லுக்குத் தனிச்சட்டம் இல்லாமையின் விளைவு இவற்றில் தெரிகிறது.

புதிதாக உருவாகும் சொல்

கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளை உள்ளிட்ட படுகையில் நடவுக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர் குழுக்கள் டெல்டா வயல்களில் நாற்று நடுவது அண்மை ஆண்டுகளில் காணும் காட்சி. அவர்கள் தமிழரைவிடச் சிவந்தவர்கள் அல்லர்; நிறத்தால் அவர்களைப் பிரிக்க வழியில்லை. பிரிக்கும் வேலையை 'வடக்கன்' என்னும் சொல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. திசைப்பெயரோடு 'அன்' விகுதி சேர்ந்த இச்சொல்லில் அகராதிப்படி இழிவு ஏதுமில்லை. 'வடக்கத்தியார்' என்னும் பழைய வழக்கில் மரியாதையும் இருந்தது. வடகிழக்கு மாநிலத்தாரைக் கண்ணையும் மூக்கையும் வைத்து அழைக்கும் சொற்களுக்கு எதிராக, தில்லியில் 2014இல் மாணவர் நீடோ தானியா கொல்லப்பட்டபின் அமைந்த பெஸ்பருவா குழு சட்டத்திருத்தம் பரிந்துரைத்தது. ஆனால் திசைப்பெயரைச் சட்டம் எப்படித் தொடும்? பாஸ்கர் சக்தி இயக்கிய படத்துக்கு இட்ட 'வடக்கன்' என்னும் தலைப்பைத் தணிக்கை வாரியம் ஏற்காததால் அது 2024இல் 'ரயில்' என்ற பெயரில் வெளிவந்தது. புலம்பெயர்ந்த தொழிலாளியை இழித்துரைப்பதைக் கண்டிக்க எடுத்த படம் அது. கடைத்தெருவிலும் சமூக ஊடகத்திலும் அச்சொல் தடையின்றிப் புழங்குகிறது. கூலி பேசும்போதும், சண்டை மூளும்போதும், நடவுக்கு ஆள் வேண்டும் என்று முகவருக்குச் சொல்லி அனுப்பும்போதும் வருவது அதே சொல்தான், குரல் மட்டும் மாறுகிறது.